காணாத ஒட்டகத்தின் அடையாளங்கள்: சிறுவர் துப்பறியும் கதைகள் நமது பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது என்ன?

அன்றிரவு மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எங்கள் பாடசாலைப் பெற்றார்களின் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கடிதத்தின் படம் வந்தது. சீரற்ற காலநிலை காரணமாக மறுநாள் பாடசாலைகளுக்கு விடுமுறை என்று அதில் இருந்தது. இலச்சினை இருந்தது, கையொப்பம் இருந்தது, இறப்பர் முத்திரையும் இருந்தது. வெளியே மழையும் இருந்தது. வேறென்ன வேண்டும்? நான் அதை மேலும் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். இருபது வருடங்களுக்கு மேலாக ஆசிரியராக இருக்கும் ஒருவர் அனுப்பினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஏழாம் தரத்தில் படிக்கும் என் மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "வாப்பா, இது போன வருஷத்துக் கடிதம்" என்றாள்.

"எப்பிடிச் சொல்ற மகள்?"

"15ஆந் திகதி செவ்வாய்க்கிழமை என்று போட்டிருக்கு. நாளைக்கு 15தான், ஆனா புதன்கிழமை. போன வருஷம்தான் இதே 15 செவ்வாய். வருஷத்த மட்டும் மாத்தியிருக்காங்க."

சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. உடனே தவறைத் திருத்தி ஒரு செய்தி அனுப்பினேன். ஆனால் அதற்குள் பலர் உறங்கிவிட்டார்கள். மறுநாள் தவணைப் பரீட்சையின் கணித வினாத்தாள். சில பிள்ளைகள் வரவில்லை. மத்தியானம் ஒரு பிள்ளையின் வாப்பா வாயிலில் நின்று, "சேர் அனுப்பினதாலதான் நம்பின" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

நான் கவனிக்காததைப் பிள்ளை எப்படிக் கவனித்தாள் என்று கேட்டேன். பொது நூலகத்திலிருந்து எடுத்துவந்திருந்த ஒரு பழைய துப்பறியும் கதைப் புத்தகத்தைக் காட்டினாள். "பாடத்தப் படிங்க மகள், கதைப் புத்தகம் பிறகு" என்று நான் பல தடவை மூடிவைக்கச் சொன்ன அதே புத்தகம். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்து எழுதப்படுவதுதான்.

வாளில் இருந்த பொய்

அமெரிக்க எழுத்தாளர் டொனால்ட் ஜே. சோபோல் 1963இல் தொடங்கிய 'என்சைக்ளோபீடியா பிரவுன்' வரிசையில் ஒன்று அந்தப் புத்தகம். கதாநாயகன் லீரோய் பிரவுனுக்கு வயது பத்து. தந்தை ஐடாவில் என்ற சிறு நகரத்தின் பொலிஸ் தலைவர். ஒவ்வொரு கதையும் சில பக்கங்கள்தான். கதை முடியும் இடத்தில் விடை இருக்காது. "இவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வி மட்டும் இருக்கும். விடைகள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தனியாக இருக்கும். பிள்ளை முதலில் தானே யோசிக்கவேண்டும், அல்லது பக்கங்களைப் புரட்டித் திரும்பிச் சென்று தேடவேண்டும்.

என் மகளுக்கு உதவிய கதை ஒரு வாளைப் பற்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் புகழ்பெற்ற தளபதி ஜாக்சனுக்கு அவரது வீரர்கள் பரிசளித்த வாள் என்று சொல்லி ஒரு குறும்புக்காரப் பையன் அதை இன்னொரு சிறுவனின் தலையில் கட்டப் பார்க்கிறான். புல் ரன் என்ற இடத்தில் நடந்த முதலாவது போரில் காட்டிய துணிவுக்காக வழங்கப்பட்டது என்று வாளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. திகதி 1861 ஆகஸ்ட். பார்ப்பதற்கு எல்லாம் சரி. ஆனால் சிறுவன் பிரவுன் அது போலி என்கிறான். அதே இடத்தில் இரண்டாவது போர் நடந்தது 1862இல். இரண்டாவது போர் ஒன்று வரப்போகிறது என்பது 1861இல் யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, அதை 'முதலாவது போர்' என்று அப்போதே யார் பொறித்திருக்க முடியும்?

இதில் பூதக்கண்ணாடியும் இல்லை, துரத்தலும் இல்லை. கண்முன்னே இருக்கும் இரண்டு தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்தான். என் மகள் விடுமுறைக் கடிதத்தில் செய்ததும் இதைத்தான்.

இதே முறை நமது வரலாற்றில்

இதை மேற்கத்தேயக் கதைகளின் விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. கைபர் வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் வழங்கிய கடிதம் என்று அது கூறியது. ஸஹாபாக்கள் சிலரின் சாட்சியமும் அதில் இருந்தது. அமைச்சர் அதை ஹதீஸ் கலை அறிஞரான கதீப் அல்பக்தாதீயிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது போலி என்றார்.

காரணம் எளியது. சாட்சிகளில் ஒருவராக முஆவியா (ரழி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றி ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சியாக ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே வபாத்தாகிவிட்டார்கள். இன்னும் முஸ்லிமாகாத ஒருவரும் ஏற்கனவே மரணித்துவிட்ட ஒருவரும் எப்படிச் சாட்சிக் கையொப்பம் இட முடியும்?

வாளின் கதையையும் இந்தச் சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறை ஒன்றுதான். அறிவிப்பாளர்கள் எப்போது பிறந்தார்கள், எப்போது மரணித்தார்கள், யாரை யார் சந்திக்க வாய்ப்பிருந்தது என்று நமது முன்னோர்கள் நூல் நூலாக எழுதிவைத்தது இதற்காகத்தான். அந்த மரபின் பிள்ளைகள் இன்று கிடைத்த படத்தை எல்லாம் 'போர்வர்ட்' செய்துகொண்டிருக்கிறோம். அதில் நானும் ஒருவன்.

பார்ப்பதும் கவனிப்பதும்

துப்பறியும் கதைகளின் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. ஷெர்லொக் ஹோம்ஸ் தன் நண்பர் வட்சனிடம் வீட்டுப் படிக்கட்டில் எத்தனை படிகள் என்று கேட்கும் காட்சி பலருக்குத் தெரிந்திருக்கும். நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கியும் வட்சனுக்குத் தெரியாது. ஹோம்ஸுக்குத் தெரியும், பதினேழு.

ஆனால் இந்தப் பாடம் ஹோம்ஸோடு தொடங்கவில்லை. இமாம் தபரீ (ஹிஜ்ரி 310இல் வபாத்) தமது வரலாற்று நூலில் நிஸாரின் நான்கு புதல்வர்களின் கதையைப் பதிவுசெய்திருக்கிறார். அவர்களில் ஒருவரான முழர், நபி (ஸல்) அவர்களின் மூதாதையர்களில் ஒருவர். நால்வரும் பயணம் செய்கையில், ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவர் எதிரே வருகிறார். அதற்கு ஒரு கண் இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். ஒரு பக்கம் கோணலாக நடப்பதா என்கிறார் அடுத்தவர். வால் அறுந்ததா என்கிறார் மூன்றாமவர். மிரண்டு ஓடித் திரிவதா என்கிறார் நான்காமவர். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஒட்டகத்தை நாங்கள் காணவே இல்லை என்கிறார்கள். இத்தனை அடையாளம் சொல்பவர்கள்தான் திருடியிருக்கவேண்டும் என்று ஒட்டகக்காரர் நடுவரிடம் முறையிடுகிறார்.

நால்வரும் விளக்கம் சொல்கிறார்கள். வழியில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது, எனவே ஒரு கண் இல்லை. ஒரு காலின் சுவடு ஆழமாகவும் மற்றது குறையாகவும் பதிந்திருந்தது, எனவே கோணல் நடை. எச்சம் சிதறாமல் ஓரிடத்தில் குவிந்திருந்தது, எனவே வீசுவதற்கு வால் இல்லை. செழிப்பான இடத்தில் சிறிது மேய்ந்துவிட்டு அதைவிட மோசமான இடத்துக்குப் போயிருந்தது, எனவே மிரளும் சுபாவம் உள்ளது. நடுவர் கேட்டுவிட்டு, இவர்கள் உன் ஒட்டகத்தை எடுத்தவர்கள் அல்லர், போய்த் தேடு என்று தீர்ப்பளிக்கிறார்.

இதே போன்ற ஒட்டகக் கதை நமது நாட்டின் பெயரோடும் உலகம் சுற்றியிருக்கிறது. அரபிகள் இலங்கையை ஸரந்தீப் என்று அழைத்தார்கள். ஸரந்தீப் மன்னரின் மூன்று புதல்வர்கள் காணாத ஒட்டகத்தை வருணித்த கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாகியது. அதில் வரும் ஒட்டகத்தின் ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் தேன். வழியில் ஒரு பக்கம் எறும்பும் மறுபக்கம் ஈயும் மொய்த்ததை வைத்து இளவரசர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆங்கிலேய எழுத்தாளர் ஹொரேஸ் வோல்போல் இந்தக் கதையை நினைவில் வைத்து 1754இல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல்தான் 'செரண்டிபிட்டி'. அதாவது நமது பிள்ளைகள் துப்பறியும் கதை வாசிப்பது அந்நியரின் சரக்கை இறக்குமதி செய்வதாகாது. ஸரந்தீபின் பெயரில் போன சரக்கு திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் வீட்டில் சொன்னபோது மகள் ஒரு கேள்வி கேட்டாள். "மற்றப் பக்கத்துப் புல்லுக்கு வேலி போட்டிருந்தா? அப்ப ரெண்டு கண்ணும் உள்ள ஒட்டகமும் ஒரு பக்கம்தானே மேயும்?" நல்ல கேள்வி. கவனித்தல் பாதி வேலைதான். கவனித்ததற்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று தேடுவது மீதிப் பாதி. கதையில் ஆசிரியர் ஒரேயொரு விடை மட்டும் பொருந்தும்படி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுவார். வாழ்க்கையில் அப்படி யாரும் ஒழுங்குபடுத்தித் தருவதில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

ஒரு சட்டையும் ஓர் ஊசியும்

தடயத்தை வைத்து உண்மையைக் காண்பதற்கு ஸூரா யூஸுபை விடச் சிறந்த பாடம் எது? அதில் ஒரு சட்டை இருமுறை சாட்சியாக வருகிறது. முதலில் சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்த்த சட்டையைத் தந்தையிடம் கொண்டுவருகிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் நம்பவில்லை. ஓநாய் தின்றதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் சட்டையில் கிழிசல் இல்லாததைத் தப்ஸீர் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். இரத்தம் என்பது காட்டப்பட்ட தடயம். கிழிசல் இல்லாமை காட்டப்படாத தடயம். இரண்டாவதைக் கவனிப்பதுதான் கடினம்.

பின்னர் மிஸ்ரில் யூஸுப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்படுகிறது. அந்தப் பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே அளவுகோலைச் சொல்கிறார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. இங்கு ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டையைப் பார்க்கும் முன்பே எது எதை நிரூபிக்கும் என்று தீர்மானிக்கப்படுகிறது. பார்த்த பிறகு தனக்குச் சாதகமாக வளைக்க யாருக்கும் இடமில்லை. ஆளின் அந்தஸ்தும் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஒரு பக்கம் அதிகாரமுள்ள வீட்டுப் பெண், மறுபக்கம் விலைக்கு வாங்கப்பட்ட ஓர் இளைஞர். இருந்தும் துணியின் கிழிசல்தான் பேசியது.

ஜேர்மனிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' கதையில் இதற்கு ஒத்த ஒரு காட்சி உண்டு. பெர்லினுக்குப் புகையிரதத்தில் போகும் சிறுவன் எமில், தாய் உழைத்துச் சேர்த்த 140 மார்க் பணத்தைச் சட்டைப் பைக்குள் ஊசியால் குத்திவைக்கிறான். தூங்கும்போது பணம் களவு போகிறது. பெர்லின் சிறுவர்கள் கூட்டமாகச் சேர்ந்து திருடனைப் பின்தொடர்கிறார்கள். வங்கியில் வைத்து அவனைப் பிடித்தாலும், இது உன் பணம் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழுகிறது. நோட்டுகளில் ஊசி துளைத்த ஓட்டைகள் இருக்கும், பாருங்கள் என்கிறான் எமில். இருந்தன.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் எமில் அல்ல, டீன்ஸ்டாக் என்ற சின்னப் பையன். எல்லோரும் திருடனைத் துரத்தும்போது வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்திகளை வாங்கிச் சொல்லும் வேலை அவனுக்கு. சலிப்பான வேலை. ஆனாலும் அவன் இடத்தைவிட்டு அசையவில்லை. உண்மையைத் தேடுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சலிப்பான வேலைதான். அன்றிரவு நான் அதிபருக்கு ஓர் அழைப்பு எடுத்திருந்தால் போதுமாக இருந்தது.

உறுதிப்படுத்தல் வேறு, துருவுதல் வேறு

ஒரு நியாயமான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லவேண்டும். இத்தகைய கதைகள் பிள்ளைகளுக்குச் சந்தேகப் புத்தியையும் பிறர் குறைகளைத் துருவும் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்காதா என்று ஒரு மௌலவி நண்பர் என்னிடம் கேட்டார். ஸூரா ஹுஜுராத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. அதன் ஆறாவது வசனம், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பிறகு வருந்த நேரிடும் என்பது அங்கு கூறப்படும் காரணம். பன்னிரண்டாவது வசனம், அதிகமான சந்தேகங்களையும் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. இரண்டும் ஒரே ஸூரா. நம்மிடம் வந்த செய்தியைச் சரிபார்ப்பது கடமை. நம்மிடம் வராத பிறரின் அந்தரங்கத்தைத் தேடிப்போவது தடை. இந்தக் கோட்டைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால் கதைப் புத்தகம் கெடுக்காது.

நல்ல துப்பறியும் கதைகள் உண்மையில் அவசரச் சந்தேகத்துக்கு எதிரானவை. எனிட் பிளைட்டன் 1943இல் எழுதிய எரிந்த குடிசையின் மர்மம் பற்றிய கதையில் ஐந்து பிள்ளைகள் சந்தேக நபர்களின் பட்டியலைப் போடுகிறார்கள். ஊரில் சுற்றித் திரியும் ஒரு நாடோடிக் கிழவர், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பணியாளர் என்று பட்டியல் நீள்கிறது. கடைசியில் பார்த்தால் குடிசைக்குத் தீவைத்தது காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தக்காரரே. அழுக்கு உடை அணிந்தவர்மீது பாய்ந்த சந்தேகம் பிழைத்துப்போகிறது. அதே எழுத்தாளரின் வேறு சில கதைகளில் வெளிநாட்டவர், நாடோடிகள் போன்றோர் இலகுவில் வில்லன்களாக்கப்படுகிறார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அந்த இடங்களில் நிறுத்தி, "இவரை ஏன் சந்தேகிக்கிறார்கள்? செய்ததற்காகவா, தோற்றத்துக்காகவா?" என்று பிள்ளையிடம் கேட்கலாம்.

இந்தக் கேள்வியின் பெறுமதி நமக்குத் தெரியாததல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் கறியில் கிடந்த சிறு கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரரை மிரட்டி ஆம் என்று தலையாட்ட வைத்த காணொளி நாடெங்கும் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக்கட்டி என்று தெரியவந்தது. பன்னிரண்டு வயதுத் துப்பறிவாளன் கேட்கும் கேள்விகளை அன்று எத்தனை பேர் கேட்டார்கள்? நிரந்தரமாக மலடாக்கும் ஒரு மாத்திரை உலகில் இருக்கிறதா? கட்டியைப் பரிசோதித்தது யார்? கேட்கப்பட்ட கேள்வி அந்த மனிதருக்கு விளங்கியதா? 2019 மே மாதத்தில் ஆடையில் கப்பல் சுக்கான் சக்கரப் படம் இருந்ததற்காக ஒரு பெண் கைதுசெய்யப்பட்டார். அதைத் தர்மச்சக்கரம் என்று நினைத்தார்கள். சக்கரத்தைப் பார்த்தார்கள், அது என்ன சக்கரம் என்று கவனிக்கவில்லை.

பிறர் நம்மீது கவனமில்லாமல் பாய்ந்தபோது நாம் நொந்தோம். அதே கவனமின்மை நம்மிடமும் இருக்கிறது. றமழான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரக விடுதலை என்று ஆதாரமற்ற ஒரு செய்தி ஒவ்வொரு வருடமும் நபி (ஸல்) அவர்களின் பெயரால் நமது தொலைபேசிகளுக்கு வருகிறது. உலமாக்கள் எத்தனை தடவை மறுத்தாலும் நாம் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். கேள்விப்பட்டதை எல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்துப்பட ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் வரும் எச்சரிக்கை யாருக்கு?

வீட்டில் செய்யக்கூடியவை

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி உயர்தரம் வரை நமது பிள்ளைகள் சரியான விடையைத் தெரிவுசெய்யப் பயிற்றப்படுகிறார்கள். விடைக்கு எப்படி வந்தாய் என்று கேட்பவர்கள் குறைவு. எனவே வீட்டில் நாம் கேட்கலாம். நான் என் வீட்டில் செய்துபார்த்தவை இவை.

துப்பறியும் கதையைக் கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடச் சொல்லுங்கள். முதலாவதில் கண்டது, இரண்டாவதில் அதிலிருந்து ஊகித்தது, மூன்றாவதில் வேறு என்னவாகவும் இருக்கலாம் என்பது. தொடக்கத்தில் பிள்ளைகள் முதலாவதையும் இரண்டாவதையும் குழப்புவார்கள். "அவன் பயந்துபோய் நின்றான்" என்பதைக் கண்டதாக எழுதுவார்கள். கண்டது வியர்வையும் நடுங்கிய கையும்தான். பயம் நமது ஊகம். காய்ச்சலாகவும் இருக்கலாம்.

பிறகு அதே மூன்று பத்திகளைத் தொலைபேசிக்கு வரும் ஒரு செய்திக்குப் பயன்படுத்துங்கள். திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா? முதலில் சொன்னவர் யார்? படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? இது பொய்யாக இருந்தால் யாருக்குப் பாதிப்பு? பிள்ளை உங்கள் தவறைச் சுட்டிக்காட்டினால் கோபிக்காதீர்கள். முதலில் எனக்கும் சற்றுச் சுருக்கென்றுதான் இருந்தது.

மூன்றாவதாக, நூலகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் ஒரு சிறு புத்தக அலுமாரி வைக்க நமது ஊர்களில் வசதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு தட்டைச் சிறுவர் கதைகளுக்கு ஒதுக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. குழுவுக்கு எதையும் அனுப்பும் முன் நான் மகளிடம் தொலைபேசியை நீட்டுவேன். அவள் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பாள். பாதிச் செய்திகள் அந்தக் கேள்வியோடு அழிக்கப்பட்டுவிடும். அன்று வாயிலில் நின்ற அந்தத் தந்தை இப்போதும் அதே குழுவில் இருக்கிறார். நான் அனுப்புவதை அவர் மீண்டும் நம்பவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நம்பும் முன் அவரும் ஒரு தடவை கலண்டரைப் பார்க்கவேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை.